வெண்ணெய் ஈரல்

ஜூன் 14, ஞாயிறு

பொம்மையசாமி பண்ணையிலிருந்து வந்த கிடாய்களை இன்று முதன்முறையாக அறுத்தோம். அத்தனையின் ஈரலும் மஞ்சளாக இருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறிக்கடைதான். முதலில் பிறர் கடையில் எலும்பு பொறுக்கினேன், இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே என் பெயரில் கடை. ஈரல் என்றால் நாவல்பழ நிறம், விரல் வைத்தால் திருப்பித் தள்ள வேண்டும். இது மக்காச்சோள மாவு நிறத்தில் இருந்தது. விரல் வைத்த இடம் குழியாகவே நின்றது. கத்தியில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. காமாலை கண்ட ஆடாக இருந்தால் கண்ணில் தெரியும், கொழுப்பிலும் தெரியும். இவற்றின் கண் வெள்ளை, கொழுப்பு வெள்ளை, ஈரல் மட்டும் இப்படி. நாற்றமும் இல்லை. பேக்கரி வாசலில் நிற்பது போல ஒரு வாசனை.

ஆடு அறுக்கும் தொட்டியில் கறிக்குச் சீல் வைக்க வந்த மாட்டு டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நோவு இல்ல பாய். கொழுப்பு. தீனி அப்பிடி” என்று முத்திரை குத்திவிட்டுப் போனார்.

எறிய மனம் வரவில்லை, கம்பியில் கடைசியாக மாட்டினேன். சாயங்காலம் ஓட்டல் சுருளிவேல் போன் செய்தார். “என்ன பாய் இன்னிக்கு ஈரல், வாயில போட்டதும் கரைஞ்சு போச்சு. வெண்ணெயாட்டம். இனிமே எனக்கு இதையே குடுங்க.”

பெயரை அவரே வைத்துவிட்டார். நல்லது.

கறிக்கடைக்கு ஈ வருவது உண்டு. இன்று ஈரல் தட்டில் தேனீ வந்து உட்கார்ந்தது.

ஜூன் 18, வியாழன்

சந்தை முடிந்து பொம்மையசாமியின் பண்ணைக்குப் போனேன். மூடிக்கிடந்த பழைய நூல் மில்லை வாடகைக்குப் பிடித்து ஆடு வளர்க்கிறார். வெயில் உச்சியில் நிற்கிறது, நாலு பக்கமும் வேலிக்கருவை, ஆள் சத்தம் கிடையாது. ஆட்டுப் பட்டி என்றால் அரைக் கல் தொலைவிலேயே கத்தல் கேட்கும். இங்கே வாசல் வரை போயும் கேட்கவில்லை. ஆடு ஒன்றுகூட இல்லையோ என்று நினைத்துக்கொண்டே தகரக் கதவைத் தள்ளினேன். உள்ளே கொட்டகை நிறைய நின்றுகொண்டிருந்தன, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு. ஒன்றும் வாய் திறக்கவில்லை.

தீனி என்னவென்று பார்த்தேன். பிஸ்கெட் ஆலையில் உடைந்து கழித்தது, கேக்கின் ஓரம், தேதி நெருங்கிவிட்ட மாம்பழ ஜூஸ். ஜூஸைப் பாட்டில் பாட்டிலாகத் தொட்டியில் கவிழ்க்கிறார்கள். கூலியாள் ஒருவர் பிஸ்கெட் பொட்டலத்தை உரித்தார். அந்த உறை நொறுங்கும் சத்தத்துக்கு எல்லாத் தலையும் ஒரே வீச்சில் திரும்பியது. பட்டாளத்துக்காரர்கள் திரும்புவது போல.

பொம்மையசாமி ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். பேசும்போது கை சும்மா இருக்காது. பக்கத்தில் நிற்கும் கிடாயின் இடுப்பைப் பிடித்துப் பிடித்து எடை பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம்தான், அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

“ஏன் கத்த மாட்டேங்குது?” என்று கேட்டேன்.

“கேக்கறதுக்கு என்ன இருக்கு பாய்? கேக்கறதுக்கு முன்னாடி கெடைச்சிருது.”

தண்ணீர் மட்டும் கொடுத்தார். டீ இல்லையா என்றேன். சீனியைத் தொடுவதில்லையாம். வீட்டில் வாங்குவதே இல்லையாம்.

கிளம்பும்போது வண்டியில் நாலு சாக்கு ஏற்றச் சொன்னார். உடைந்த பிஸ்கெட், ஜூஸ் பெட்டி. “வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒடைஞ்சதுதான், கெட்டதில்ல. ஒவ்வொரு லோடுக்கும் தர்றேன்.”

எதற்காகச் சும்மா தருகிறார் என்று கேட்கவில்லை. சும்மா வருவதைக் கேள்வி கேட்டு நான் பழகவில்லை.

ஜூன் 19, வெள்ளி

நஸீராவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், எங்களுக்கு ஒரே பிள்ளை. அவள் வயதில் நான் பிஸ்கெட்டைக் கண்ணாடி பாட்டிலுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். தின்னட்டும்.

ஜூலை 5, ஞாயிறு

வெண்ணெய் ஈரல் காலை எட்டு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து கார் போட்டு வருகிறார்கள். பண்ணையில் வாரம் இரண்டு லோடு கேட்டிருக்கிறேன்.

வீட்டில் இன்று சத்தம். நஸீராவின் பின்கழுத்தில் கறுப்பாக அழுக்குப் படிந்திருக்கிறது என்று என் மனைவி சம்சாத் கடலைமாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த இடம் சிவந்ததே தவிர கறுப்பு போகவில்லை. தொட்டுப் பார்த்தேன், வெல்வெட் துணி மாதிரி இருந்தது. “குளிக்கிறியா இல்ல தண்ணியக் காட்டிட்டு வர்றியா?” என்று அவள் அம்மா கேட்க, பிள்ளை அழுதாள். சமாதானத்துக்கு ஒரு ஜூஸ் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு ஒன்று நடந்தது. எழுத வேண்டுமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். அவள் சன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் ஒரு பொட்டலத்தை உரித்தேன். அவள் தலை திரும்பியது. கண்ணில் ஒன்றும் இல்லை. தலை மட்டும் திரும்பியது.

“என்ன தாயி?”

“ஒண்ணுமில்ல அத்தா” என்றாள். தான் திரும்பியதே அவளுக்குத் தெரியவில்லை.

ஜூலை 9, வியாழன்

பொம்மையசாமி சந்தையிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தார். புது விலை பேசினோம், ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு நஸீரா உள்ளே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தாள். அவர் அவளையே பார்த்தார். கெட்ட பார்வை இல்லை, அதுவாக இருந்தால் கையை ஒடித்திருப்பேன். அது வேறு பார்வை. வாய்க்குள் ஒரு எடையைச் சொல்லிக்கொண்டார்.

“என்ன சொன்னீங்க?”

“பழக்க தோசம் பாய். மன்னிச்சுக்கங்க.”

பேச்சை அதோடு முடித்து அனுப்பிவிட்டேன். கோபம் ராத்திரிச் சாப்பாடு வரை தணியவில்லை. ஏனென்றால், அவள் குனிந்தபோது என் மனசுக்குள் ஓடிய எடையும் அதேதான்.

ஜூலை 13, திங்கள்

பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்களாம். ஈரல் சம்பந்தமாக ஏதோ கூடுதலாக இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எழிலரசியிடம் கூட்டிப்போனோம். முதலில் அவளுடைய கழுத்தைத்தான் பார்த்தார்.

“இது அழுக்கு இல்லம்மா. தேய்க்காதீங்க” என்றார் சம்சாத்திடம். பிறகு பிள்ளையைப் படுக்க வைத்து விலாவுக்குக் கீழே விரலை அழுத்தினார். அழுத்திவிட்டு ஒரு நொடி நின்றார். நான் கிடாயைப் பிடித்துப் பார்க்கும்போது எப்படி நிற்பேனோ அப்படி.

ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது.

“ஈரல் கெடணும்னா குடிக்கணும்ல டாக்டர்? எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது.”

“குடி ஒரு வழி. இனிப்பு இன்னொரு வழி. ரெண்டும் போய்ச் சேர்ற எடம் ஒண்ணுதான். சோறு தின்னா ஒடம்பு மொத்தமும் பங்கு போட்டுக்கும். சீனியில பாதிய ஈரல்தான் வாங்கியாகணும், வேற ஆள் வாங்க மாட்டாங்க. ஜூஸா குடிச்சா மொத்தமும் ஒரேயடியா வந்து எறங்குது. அது என்ன பண்ணும்? கொழுப்பாக்கி அங்கயே அடுக்கும்.”

இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு குடோன், தினமும் லோடு, வெளியே போகும் வழி சிறிது.

“திரும்புமா?”

“இப்பவே நிறுத்தி, ஓடி ஆடுனா திரும்பும். விட்டா தழும்பு விழுந்துரும். தழும்பு விழுந்தது திரும்புறது கஷ்டம். ரெண்டு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க.”

ஸ்கேன் படத்தைக் கையில் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் புகை மாதிரி இருக்கிறது. இதில் என்ன நிறம் தெரியும்?

ஜூலை 14, செவ்வாய்

எனக்குக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும். மகளைத் திறந்து பார்க்க முடியாது.

பண்ணைக்குப் போய் ஒரு கிடாயைப் பிடித்து வந்து கொல்லையில் கட்டிவிட்டேன். அவள் தின்ற அதே சரக்கைத் தின்ற கிடாய். இன்றோடு இரண்டுக்கும் நிறுத்தம். அதற்கு அகத்திக்கீரை, வைக்கோல், பச்சைத் தண்ணீர். அவளுக்குச் சம்சாத் சமைப்பது மட்டும். டாக்டர் சொன்ன கெடு வந்ததும் கிடாயை அறுத்துப் பார்ப்பேன். அதன் ஈரல் சிவந்திருந்தால் இவளுடையதும் சிவந்திருக்கும்.

சம்சாத் கேட்டுவிட்டு, “உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. புள்ளைக்கு ஆட்டச் சாட்சி வெக்கிறீங்க” என்றாள்.

நஸீரா சண்டை போடவில்லை. கிடாயின் கழுத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டாள்.

“அதுக்குச் சரியாகலேன்னா, அத்தா?”

“ஆகும்.”

“ஆனாலும் அறுப்பீங்க.”

போய்ப் படி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்

சரக்கு அறையில் சாக்குகள் அப்படியே நிற்கின்றன. யாருக்காவது கொடுக்கலாம் என்றால், என் பிள்ளைக்கு ஆகாததை இன்னொருவர் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? கொட்டவும் மனம் வரவில்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கடைக்குப் போகும்போது இரண்டு பொட்டலம் எடுத்துக்கொள்கிறேன். ஜூஸும் தேதி முடிவதற்குள் காலியாக வேண்டும்.

ஜூலை 30, வியாழன்

லோடு வந்தது. கூடவே சாக்கும் வந்தது. வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் இருந்தேன். வண்டிக்காரர் அதற்குள் இறக்கிவிட்டார்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. கிடாயைத் தூக்கியதில் பிடித்திருக்கும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கொல்லைக் கிடாய் இன்று கத்தியது. பண்ணையிலிருந்து வந்த நாளிலிருந்து அதன் குரலைக் கேட்டதே இல்லை. நஸீரா கீரையோடு போகத் தாமதமானது, அவ்வளவுதான், தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு கத்தல். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அவள் ஓடிப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. பள்ளிக்கூடத்தில் கோ-கோ விளையாட்டு அணியில் சேர்ந்திருக்கிறாளாம். உட்கார்ந்தே படித்துக்கொண்டிருந்த பிள்ளை.

“ஏங்க, வீட்டுல ஆளுக்கு ஆள் சத்தம் போடுது, நீங்கதான் வாயத் தெறக்க மாட்டேங்கறீங்க” என்றாள் சம்சாத்.

பேசுவதற்கு என்ன இருக்கிறது?

சரக்கு அறை சன்னலில் தேனீ கூடு கட்டியிருக்கிறது. கடையிலிருந்து என் பின்னாலேயே வந்திருக்கும். மத்தியானம் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒன்று என் உதட்டில் வந்து உட்கார்ந்தது. கொட்டவில்லை, நிதானமாக நடந்தது.

ஆகஸ்ட் 14, வெள்ளி

டெய்லர் சட்டையைச் சிறிதாகத் தைத்துவிட்டார். ஜும்ஆ தொழுகைக்கு லுங்கியோடு பழைய ஜிப்பா போட்டுக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

பண்ணைக்குப் போனேன். சாக்கு இனி வேண்டாம் என்று நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அதே வெயில், அதே அமைதி. தகரக் கதவைத் தள்ளியபோது உள்ளே ஒருவரும் இல்லை, பொட்டலம் எதுவும் யாரும் பிரிக்கவில்லை. நான் வாசற்படியில் காலை வைத்ததும் கொட்டகை முழுதும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் இடப்பக்கம் நடந்தால் இடப்பக்கம் வந்தன. பாதி தூரம் போன பிறகுதான் என் வாய் மென்றுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

முன்னால் நின்ற கிடாய் என் கையை முகர்ந்தது. பிறகு நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டது. பக்கத்துக் கிடாயும் நகர்ந்தது. ஆடுகள் நகர்வது சகஜம்தான். ஆனால் நான் அந்த இடத்தில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல முடியவில்லை. சூடாக, நெருக்கமாக, நன்றாகத்தான் இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்புக்கு மேல் பிடித்தது. விரல் உள்ளே அமுங்கியது, இரண்டு முறை.

“நல்லாத் தேறிட்டீங்க ஜபருல்லா பாய்” என்றார் பொம்மையசாமி. பிறகு மெதுவாக, தனக்குச் சொல்லிக்கொள்வது போல, “இன்னும் ரெண்டு மாசம்.”

“என்ன ரெண்டு மாசம்?”

“இந்தக் கெடாய்களச் சொன்னேன்.”

அவர் கை இன்னும் என் முதுகில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. சாக்கு வேண்டாம் என்று சொல்லவே இல்லை. வண்டியில் ஆறு ஏற்றியிருந்தார்கள்.

செப்டம்பர் 7, திங்கள்

நஸீராவுக்கு மறுபடி ஸ்கேன். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. “பாதிக்கு மேல கொறைஞ்சிருச்சு. இதே மாதிரி போனா வருசக் கடைசில சுத்தமாயிரும். என்னம்மா பண்ண?”

“ஆட்டுக்குத் தீனி வெச்சேன். அது திங்காதத நானும் திங்கல” என்றாள் நஸீரா. சம்சாத் அழுதாள். அல்ஹம்துலில்லாஹ்.

டாக்டர் அப்புறம் என் பக்கம் திரும்பினார். “அத்தாவும் கழுத்தக் கொஞ்சம் காட்டுங்க.”

“கடை வெயிலு டாக்டர். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

“கல்லு மாதிரி ஆகறதுக்கு முன்னாடி பாக்கணும்னுதான் சொல்றேன்.”

சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, சனி

படத்தில் புகை குறைந்திருக்கிறது, சரி. எனக்கு நிறம் தெரிய வேண்டும். நாளை கிடாயை அறுக்கிறேன். இதைச் சொன்னபோது நஸீரா சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 13, ஞாயிறு

காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனேன். கத்தி தீட்டியிருந்தேன். கிடாயின் கயிறு துணிக்கொடிக் கம்பத்தில் இல்லை. நஸீராவின் கையில் இருந்தது. சரக்கு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே இருந்த சாக்குகளை ஒன்று விடாமல் இழுத்து வந்து வெயிலில் போட்டிருந்தாள்.

எல்லாம் காலி. நான் ஒன்றோ இரண்டோ முடித்திருப்பேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிறைய மிச்சம் இருப்பதாக நேற்றுகூட நினைத்தேன். கொல்லை முழுக்கச் சாக்கும் பாட்டிலும் பரந்து கிடந்தன. நடக்க இடமில்லை.

“யாரு தின்னது?” என்றாள்.

“எலி இருக்கும்.”

“எலி பாட்டில் மூடியத் திருகித் திருப்பி மூடி வெக்குமா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்றில்லை, எதுவுமே வரவில்லை. அந்தக் கொட்டகையில் நின்றபோது இருந்த அதே நிறைவு தொண்டை வரை ஏறி நின்றது. கத்தி கையில் கனத்தது. குனிந்து கீழே வைக்கப் போனேன், விலாவில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கிடாய் என்னைப் பார்த்துக் கத்தியது. அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நஸீரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பயந்திருந்தாள், கயிற்றை மட்டும் விடவில்லை.

“எனக்குப் பதிலா இத அறுத்துப் பாக்கலாம்னு நெனச்சீங்க. உங்களுக்குப் பதிலா எத அறுப்பீங்க அத்தா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல தாயி.”

“இல்லேன்னா ஸ்கேன் எடுக்க என்ன பயம்?”

பயம் என்று யார் சொன்னது என்று மழுப்பினேன். ஊரில் எவ்வளவோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். எதிராளி எப்போது எழுந்து போவான், எப்போது இறங்கி வருவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். இவள் முகத்தில் இறங்கி வருகிற அறிகுறியே இல்லை. இருந்தாலும் பேசிப் பார்த்தேன். பண்ணைச் சரக்கை உடனே நிறுத்தினால் சுருளிவேல் வேறு கடைக்குப் போய்விடுவார் என்றேன். “போகட்டும்” என்றாள். காலை டீக்கு மட்டும் ஒரு கரண்டி சீனி என்றேன். “அரை?” என்றேன். அவள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். சம்சாத் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பொம்மையசாமிக்குப் போன் போட்டு என் காதில் வைத்ததும் நஸீராதான். வேண்டாம் என்று சொல்லி முடிக்க எனக்கு நேரமானது. அவர் வருத்தப்படவில்லை. “பரவால்ல பாய். எடம் இருக்கும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

முடிவான பேச்சு இது. பண்ணைக் கிடாய் இனி என் கடைக் கம்பியில் தொங்காது. நாளைக் காலை வெறும் வயிற்றோடு நான் ஸ்கேனுக்குப் போக வேண்டும், அவளும் கூட வருவாள், என்ன வந்தாலும் மறைக்கக் கூடாது. டீ உண்டு, சீனி இல்லை. சாயங்காலம் அவளோடு மைதானத்தை நான் சுற்றி நடக்க வேண்டும். நான் ஒரு பிஸ்கெட்டைத் தொட்டாலும் கிடாய் அவளுக்கு. தொடாவிட்டாலும் கிடாய் அவளுக்கு.